"அவன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..." வட சென்னை பாக்ஸிங் விவாதத்துல நாம கேட்க மறக்குற கேள்வி!

2024 நவம்பர் 15. அமெரிக்காவின் டெக்சாஸில் மைக் டைசனும் யூடியூபர் ஜேக் பாலும் மோதினார்கள். டைசனுக்கு 58 வயசு, ஜேக் பாலுக்கு 27. எட்டு ரவுண்டு முடிவில் ஜேக் பால் பாயின்ட்ஸில் ஜெயித்தார். அன்னைக்கு இன்ஸ்டாவைத் திறந்த எல்லாருடைய கண்ணிலும் பட்ட கமென்ட் இதுவாகத்தான் இருந்திருக்கும்: "பிரைம் டைசனா இருந்திருந்தா முதல் ரவுண்டுலயே மேட்டர் ஓவர்!"

இந்த 'இருந்திருந்தா' வட சென்னைக்குப் புதுசு இல்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏறும்வரை டீ கிளாஸோடு நிற்கிற கூட்டத்தில், காசிமேட்டில் வலையைச் சரிபார்க்கிற இடத்தில், ராயபுரத்து கேரம் போர்டு பக்கத்தில் சும்மா பாக்ஸிங் பேச்சை எடுத்துப் பாருங்கள். கபிலனா, டான்ஸிங் ரோஸா என்று ஆரம்பிக்கும். "எங்க தாத்தா காலத்து ஆளுங்க முன்னாடி இவனுங்கள்லாம் ஒரு ரவுண்டு நிப்பானுங்களா?" என்று சூடு பிடிக்கும். கடைசியில் யாராவது ஒருத்தர் பெருமூச்சு விட்டு, ஏரியாவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பாக்ஸர் பேரைச் சொல்லி, "செம கை அது. அவன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பான்" என்று முடிப்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அந்த 'எங்கேயோ' எங்கே இருந்தது? ஒழுங்காகவே இருந்திருந்தாலும் அவர் போய்ச் சேர ஒரு இடம் இருந்ததா? விவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி இதுதான். காலம் காலமாகக் கேட்டுப் பார்ப்போம்.

முதல்ல, ரூல்ஸ் ஒண்ணா?

இரண்டு காலத்து பாக்ஸர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு சின்ன செக் பண்ணணும். அவர்கள் ஆடியது ஒரே ஆட்டமா?

டைசன் - ஜேக் பால் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஹெவிவெயிட் சண்டையில் கிளவுஸ் 10 அவுன்ஸ், ஒரு ரவுண்டு 3 நிமிஷம். அன்றைக்கு 14 அவுன்ஸ் கிளவுஸ், ரவுண்டுக்கு 2 நிமிஷம். 1986-ல் 20 வயசில் டிரெவர் பெர்பிக்கை வீழ்த்தி உலகின் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆன டைசன் ஆடிய ஆட்டம் வேறு, இது வேறு.

ஒலிம்பிக் பாக்ஸிங்கில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். 1984-ல் தலைக்கவசம் வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக் ஃபைனலில் ராய் ஜோன்ஸ் 86 குத்து விட்டார், எதிராளி 32. ஆனாலும் நடுவர்கள் 3-2 என்று எதிராளிக்கே தங்கத்தைக் கொடுத்தார்கள். அந்த அசிங்கத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் கம்ப்யூட்டர் ஸ்கோரிங் வந்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேராவது ஒரு செகண்டுக்குள் பட்டனை அமுக்கினால்தான் பாயின்ட். இதனால் என்ன ஆச்சு? உள்ளே புகுந்து வயிற்றில் இறக்குகிறவரைவிட, தூரத்தில் நின்று பளிச்சென்று ஒரு ஜாப் போட்டுவிட்டு நகர்கிறவருக்கு லாபம். 2013-ல் இந்த முறையைத் தூக்கினார்கள். ஆண்களுக்குத் தலைக்கவசமும் போனது.

ஆக, 'யாரு பெரியவன்' என்பதைவிட 'அவன் காலத்து ஆட்டத்தில் அவன் எவ்வளவு தூரம் போனான், அதுக்கு மேல போக வழி இருந்துச்சா' என்று கேட்பதுதான் நியாயமான ஒப்பீடு.

பரம்பரை காலம்: கூட்டம் இருந்தது, படிக்கட்டு இல்லை

பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் ஓ.டி.டி-யில் வந்தபோது பலருக்கு அது கற்பனைக் கதை மாதிரி இருந்தது. வட சென்னைக்காரர்களுக்கு அது வீட்டுக் கதை. துறைமுகத்தையும் வெள்ளைக்கார ராணுவத்தையும் ஒட்டி இந்த ஊருக்குள் வந்த ஆட்டம் இது. மூட்டை தூக்கியவர்கள், மீன்பிடித்தவர்கள், மில் தொழிலாளிகள் அதை எடுத்துத் தங்களுடையதாக மாற்றிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் உருவாகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாத்தியார், ஒரு கௌரவம்.

கித்தேரி முத்துவின் பெயரை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆங்கிலோ இந்தியன் வீரர் டெர்ரியை அவர் வீழ்த்திய கதை வட சென்னையில் வாய்மொழியாகவே தலைமுறைகள் தாண்டி வந்திருக்கிறது. ஒரு தொழிலாளி வீட்டுப் பையன் வெள்ளைக்காரத் தோரணையை ரிங்கில் வைத்து உடைத்தான் என்பதுதான் அந்தக் கதையின் கிக். அது வெறும் ஸ்போர்ட்ஸ் நியூஸ் இல்லை, சுயமரியாதை.

1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிப் போட்டி ஆடினார். தமிழ்நாட்டு வீரர் ராக்கி பிராஸும் அலிக்கு எதிரே கிளவுஸ் மாட்டி நின்றார். அலியைப் பார்க்கத் திரண்ட கூட்டத்துக்கு பாக்ஸிங் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியென்றால் இந்தக் காலத்தில் என்ன குறை? மேலே ஏற வழி. பரம்பரைச் சண்டை டிக்கெட் போட்டு, பணத்துக்காக நடந்தது. அன்றைய விதிப்படி ஒலிம்பிக் என்பது பணம் வாங்காத அமெச்சூர் வீரர்களுக்கு மட்டும். வெளிநாட்டு புரொஃபஷனல் பாக்ஸிங்குக்கோ இங்கிருந்து வழியே இல்லை. ஒருவர் எவ்வளவு பெரிய கையாக இருந்தாலும் சூளையிலிருந்து ராயபுரம் வரைக்கும்தான் அவருடைய உலக சாம்பியன்ஷிப். 1980-களுக்குப் பிறகு அந்த டிக்கெட் சண்டைகளும் மெல்ல மெல்ல அடங்கின. ரிங் போனது. கையில் குத்து மட்டும் மிச்சம்.

அந்தக் குத்துக்கு வேலை கொடுக்கக் காத்திருந்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். சாராய வியாபாரி, கந்துவட்டிக்காரர், கட்சிக்காரர். வட சென்னை போலீஸ் செய்திகளில் ஒரு காலத்தில் 'பாக்ஸர்' என்பது அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. ஒரு ஊரில் விளையாட்டு வீரனுக்கான பெயர் ரவுடிக்கான பெயராக மாறுகிறதென்றால், அத்தனை பேருடைய கேரக்டரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போனதா காரணம்?

தேவராஜன் காலம்: படிக்கட்டு வந்தது, கூட்டம் போனது

ஒரு குட்டி டெஸ்ட். வெங்கடேசன் தேவராஜன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? டான்ஸிங் ரோஸ் தெரிந்த பத்து பேரில் ஒருவருக்காவது இவரைத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

சென்னை பாக்ஸர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 54 கிலோ பிரிவில் இந்தியாவுக்காக ஆடியவர். 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம். 1995-க்கான அர்ஜுனா விருது. பரம்பரைக் காலத்து ஆள் எவருக்கும் கிடைக்காத மேடை இவருக்குக் கிடைத்தது. தேசிய முகாம், வெளிநாட்டுப் பயணம், ஒலிம்பிக் டீ-ஷர்ட் எல்லாம்.

ஆனால், கித்தேரி முத்துவுக்குக் கிடைத்த ஒன்று இவருக்குக் கிடைக்கவில்லை. ஊர். அந்த வெண்கலத்தைப் பற்றி ரீல்ஸ் இல்லை, பாட்டு இல்லை, சினிமா இல்லை. அமெச்சூர் பாக்ஸிங் என்பது டிக்கெட் விற்காத, டி.வி-யில் காட்டாத ஆட்டம். ஏரியா பையன் ஒருவன் ஒலிம்பிக் போய் வந்ததே அடுத்த தெருவுக்குத் தெரியாவிட்டால், அடுத்த பையன் எதைப் பார்த்து கிளவுஸ் மாட்டுவான்?

இங்கேதான் ஹரியானாவின் பிவானியைப் பார்க்கணும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியா அனுப்பிய ஐந்து பாக்ஸர்களில் நான்கு பேர் அந்த ஒரே ஊர். விஜேந்தர் சிங் வெண்கலம் வாங்கினார், இந்திய பாக்ஸிங்கின் முதல் ஒலிம்பிக் பதக்கம். பிவானி பையன்கள் எல்லாம் பிறவி மேதைகளா? அங்கே பயிற்சி மையம் இருந்தது, ஒரே ஜிம்மில் போட்டி போட இருபது பேர் இருந்தார்கள், ஜெயித்தால் போலீஸிலோ ராணுவத்திலோ வேலை என்று வீட்டில் அம்மா அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "பாக்ஸிங் போறியா? போ" என்று ஒரு வீடு சொல்வதற்கு அந்த மூன்றாவது விஷயம் போதும்.

பாக்ஸிங்கை ஊர்த் திருவிழா மாதிரி கொண்டாடிய வட சென்னையிடம் அந்த மூன்றும் ஒரே நேரத்தில் இருந்ததே இல்லை.

துளசி ஹெலன்: கை இருந்தது, பாதுகாப்பு இல்லை

'இறுதிச்சுற்று' பார்த்துவிட்டு ரித்திகா சிங்குக்குக் கைதட்டியவர்கள் நிறைய. 2016-ல் வந்த அந்தப் படத்துக்கு மூன்று வருஷம் முன்பே, 2013-ல் நார்வே இயக்குநர்கள் இருவர் 'லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை' என்ற ஆவணப்படத்தை எடுத்துவிட்டார்கள். அதன் நாயகி சென்னையின் துளசி ஹெலன். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, வீட்டை எதிர்த்து ரிங்குக்கு வந்தவர். மேரி கோமையே ஒருமுறை தோற்கடித்தவர் என்று மீடியா அவரைப் பற்றி எழுதியது.

அவர் ஏன் மேரி கோம் ஆகவில்லை? மாநிலச் சங்க நிர்வாகி ஒருவர் மீது பாலியல் தொல்லை புகார் கொடுத்தார். விஷயம் போலீஸ் வரை போனது. எதிராளியோடு மட்டும் மோத வேண்டிய வயசில், தன் பெயரை லிஸ்ட்டில் எழுத வேண்டியவர்களோடும் மோத வேண்டியிருந்தது. பிழைப்புக்கு ஆட்டோ ஓட்டுகிறார் என்று பின்னாளில் செய்திகள் வந்தன. இதில் 'ஒழுங்கா இருந்திருந்தா' என்ற வார்த்தையை யாரைப் பார்த்துச் சொல்வீர்கள்?

சரி, ஜெயித்த மேரி கோமுக்காவது முழு வாய்ப்பு கிடைத்ததா? அதுவும் இல்லை. 2002-லிருந்து 2010-க்குள் ஐந்து உலக சாம்பியன் பட்டம். ஆனால், ஒலிம்பிக்கில் பெண்கள் பாக்ஸிங் வந்ததே 2012 லண்டனில்தான். அதிலும் 51, 60, 75 கிலோ என்று மூன்றே பிரிவு. 48 கிலோவுக்குள் ஆடிப் பழகியவர் 51-க்கு ஏறி, தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களோடு மோதி வெண்கலம் கொண்டுவந்தார். ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் பெண்கள் பாக்ஸிங் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லா காலத்துக்குமான லிஸ்ட் போடும்போது இந்த 'இருந்திருந்தா'வையும் சேர்த்துக்கணும் இல்லையா?

ஆபீஸ் ரூமில் விழுந்த நாக் அவுட்

நம்ம விவாதங்களில் வராத இன்னொரு காலகட்டம் 2012 - 2016. தேர்தல் முறைகேடு புகாரில் 2012 டிசம்பரில் இந்திய பாக்ஸிங் சம்மேளனத்தை சர்வதேச அமைப்பு சஸ்பெண்ட் செய்தது. பிறகு 'பாக்ஸிங் இந்தியா' என்று புதுசாக ஒன்று வந்தது. அதுவும் 2015-ல் கவிழ்ந்தது. 2016 செப்டம்பரில்தான் இப்போதைய பி.எஃப்.ஐ உருவானது. இடையில் ரியோ ஒலிம்பிக்கே முடிந்துவிட்டது.

நாலு வருஷம் என்பது நமக்கு ஒரு காலேஜ் டிகிரி. பாக்ஸருக்கு அது பாதி வாழ்க்கை. 2012-ல் 17 வயசில் எடையைக் குறைத்து, காலையில் நாலரை மணிக்கு எழுந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு, 21 வரை ஒழுங்கான தேசியப் போட்டி அமைப்பே இல்லை. அவன் என்ன செய்வான்? கன்டெய்னர் யார்டில் வேலைக்குப் போவான். பத்து வருஷம் கழித்து நாமே அவனைக் காட்டி, "நல்லா ஆடுனவன்தான், பாதியில விட்டுட்டான்" என்போம்.

அப்போ தனிமனுஷன் தப்பே இல்லையா?

இருக்கு. அதை மறைக்கக் கூடாது. டைசனிடம் திறமை, பணம், மேடை எல்லாம் இருந்தது. அப்பா ஸ்தானத்தில் இருந்த பயிற்சியாளர் கஸ் டமாட்டோ 1985-ல் இறந்தார். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் விழுந்தார். 1992-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஜெயில். அந்தக் குற்றத்துக்கு அவர்தான் பொறுப்பு, சிஸ்டத்தின் மேல் தூக்கிப்போட முடியாது. டான்ஸிங் ரோஸைப் பார்த்ததும் பலருக்கும் ஞாபகம் வந்த நசீம் ஹமீது, பரேராவிடம் தோற்ற ஒரே தோல்வியோடு 28 வயசில் நிறுத்திக்கொண்டார். இன்னும் ஆடியிருக்கலாம் என்று ரசிகர்கள் இன்றும் புலம்புகிறார்கள்.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். டைசன் உச்சிக்குப் போய்ச் சறுக்கியவர். நசீம் சம்பாதித்துவிட்டு நிறுத்தியவர். கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 76, 80 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியும், லட்சக்கணக்கான டாலரை வேண்டாம் என்று சொல்லி, அலியோடு மோதாமலே போனார். அது அவர் எடுத்த முடிவு. மூன்று பேருக்கும் வேண்டாம் என்று சொல்லவோ, கெடுத்துக்கொள்ளவோ கையில் ஒன்று இருந்தது. நம்ம ஏரியா பாக்ஸர்களில் பலருக்குக் கெடுத்துக்கொள்ளக்கூட எதுவும் கொடுக்கப்படவில்லை. ரெண்டையும் ஒரே தராசில் வைத்து 'வீணாப்போன திறமை' என்று சொல்வது போங்கு ஆட்டம்.

குடி வாழ்க்கையைக் கெடுத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், குடி முதலில் வந்ததா, ரிங் முதலில் போனதா என்று தேதி போட்டுப் பார்த்தால் பல கதைகளின் வரிசை மாறிவிடும்.

அடுத்த முறை விவாதம் வந்தா...

நாலு கேள்வி கேளுங்கள். அவருக்கு வருஷத்துக்கு எத்தனை போட்டி கிடைத்தது? ஜெயித்தால் அடுத்த படி என்று ஒன்று இருந்ததா? ஆடும் காலத்திலும் ஆடி முடித்த பிறகும் வீட்டில் அடுப்பு எரிந்ததா? தேர்வு செய்யும் இடத்தில் அவரோ, குறிப்பாக அவளோ, பாதுகாப்பாக இருந்தார்களா? இந்த நாலுக்கும் பதில் 'இல்லை' என்றால், அந்த ஆளின் திறமை வீணாகவில்லை, வீணாக்கப்பட்டது.

இது பழங்கதைக்கான கேள்வி மட்டும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன ஆறு இந்திய பாக்ஸர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. ஆறு பேருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை என்பது வேறு சோகம். அடுத்த வருஷமே, 2025 லிவர்பூல் உலக சாம்பியன்ஷிப்பில் ஜாஸ்மின் லம்போரியாவும் மீனாட்சி ஹூடாவும் தங்கம் வாங்கினார்கள். இருவரும் ஹரியானா. ஊசலாட்டத்தில் இருந்த ஒலிம்பிக் பாக்ஸிங், 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் என்பதும் 2025-ல் உறுதியாகிவிட்டது. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடும் இருக்கிறது.

வட சென்னைப் பிள்ளைகளால் முடியுமா என்று இன்னமும் சந்தேகப்படுபவர்களுக்கு கேரம் போர்டே பதில். இதே மண்ணின் காசிமா 2024-ல் அமெரிக்கா போய், கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கத்தோடு திரும்பினார். அப்பா ஆட்டோ டிரைவர். கேரமுக்கு ஒரு பலகையும் ஒரு கிளப்பும் போதும், அது தெருவுக்குத் தெரு இருக்கிறது. பாக்ஸிங்குக்கு ரிங் வேணும், டாக்டர் வேணும், முட்டையும் பாலும் வேணும், மாசத்துக்கு ஒரு போட்டியாவது வேணும். செலவு கூடுதல்தான். ஆனால், இவை எதுவுமே ஒரு அரசாங்கத்தாலும் சங்கத்தாலும் கொடுக்க முடியாத விஷயங்கள் இல்லை.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். சாத்தாங்காட்டில் இன்னைக்குப் பதினாலு வயசில் ஒரு பொண்ணு கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நிழலோடு குத்து பழகிக்கொண்டிருந்தால், அந்த ரயில் டிக்கெட்டையும் தாண்டி அவளுக்கு என்னவெல்லாம் தேவை என்று நமக்கு இப்போதே தெரியும். 2040-ல் அவளைப் பற்றி யாரும் "இருந்திருந்தா" போடாமல் இருக்க வேண்டுமென்றால், கேட்க வேண்டியதை அவளிடம் கேட்டு பிரயோஜனம் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில், இப்பவே கேட்கணும்.